இராசமணி அன்ரியின் மொழிபெயர்ப்பாளர்

"அரங்கேற்றத்தைப் போடு. ரெண்டரை மணித்தியாலம் மேடையிலை ஆடினனீ, சும்மாவே?"

அப்பா பாலேந்திரன் கணினிக் கதிரைக்குப் பின்னால் நின்று துள்ளிக்கொண்டிருந்தார். மகள் ஹம்சத்வனி இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறாள். ஏன் டொக்டராக விரும்புகிறாய் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். நாளை கடைசி நாள்.

"வயலினையும் போடு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக் கோப்பையையும் போடு."

விண்ணப்பிப்பது அவர்தானோ என்று சந்தேகம் வரும்.

"ஆட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் என்னப்பா சம்பந்தம்? நான் கீழ்வீட்டு இராசமணி அன்ரியின்ரை கதையை எழுதப் போறன்."

"ஐயோ, அந்த மனுசியோ! பதினைஞ்சு வருசமா ஒஸ்லோவிலை இருக்கிறா, நோர்ஸ்க் மொழியிலை நாலு சொல்லுத் தெரியாது. டொக்டரிட்டைப் போறதெண்டால் உன்னைத்தானே இழுத்துக்கொண்டு போறவ!"

"அதுதானப்பா கதையே!"

அன்ரியோடு டொக்டரிடம் போன அந்த நாளில் ஹம்சத்வனிக்குப் பன்னிரண்டு வயது. பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் 'க்ரெஃப்ட்' என்றார். புற்றுநோய். அவளோ தமிழில், "சின்னக் கட்டியாம் அன்ரி, வெட்டினாச் சுகமாம்" என்று சொல்லிவிட்டாள். அன்ரி சிரித்தார். திரும்பி வரும் வழியில் ஐஸ்கிறீம்கூட வாங்கித் தந்தார். பிறகு ஒப்பரேசன் நடந்து, இப்போது சுகமாக இருக்கிறார்.

"பன்னிரண்டு வயசிலையே ஒரு நோயாளிக்குத் தைரியம் குடுத்தனான் அப்பா! இதைவிட வேறை என்ன வேணும்?"

அரங்கேற்றம், வயலின், கோப்பை எல்லாவற்றையும் அப்பா அந்தக் கணமே மறந்தார். "போடு! முதல் வரியிலேயே போடு!"

ஆனாலும் ஒருவருடைய நோயை அவரைக் கேளாமல் எழுதலாமா? ஹம்சத்வனி இரண்டு மாடி இறங்கி ஓடினாள். அன்ரி கதவைத் திறந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான். எழுதட்டோ?"

"வடிவா எழுது பிள்ளை." அன்ரி சிரித்தார். "ஆனா நான் அப்ப வயோதிபர் இல்லத்திலையெல்லோ கூட்டித் துடைச்சனான். மற்றச் சொல்லு தெரியாட்டிலும், அந்தக் 'க்ரெஃப்ட்' எண்ட சொல்லு அங்கை தினமும் காதிலை விழும்."

ஹம்சத்வனி திகைத்துப் போனாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ? பிறகேன் சிரிச்சனீங்கள்? ஐஸ்கிறீம் ஏன் வாங்கித் தந்தனீங்கள்?"

"உன்ரை கை கிடந்து நடுங்கினது, பிள்ளை. அதுக்குத்தான்."