கம்பி நாரும் நீலத் தட்டும்

ஜன்னல் வெயிலில் அந்த நீலத் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள் தங்கை. ரெசின் பிசினைக் கலந்து, காய்ந்த வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகப் பதித்து, மூன்று நாள் இறுகவிட்டு, அக்காவின் புது வீட்டுக்கென்று அவளே வார்த்த தட்டு. கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது மேலெல்லாம் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்து மங்கிக் கிடக்கிறது. உள்ளே பூ இருப்பதே தெரியவில்லை. குழாயடியில் கம்பி நார் இன்னும் நுரை சொட்டிக்கொண்டிருக்கிறது. "மெத்துன்னு துணியால துடைச்சா போதும், சூடும் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!" என்று வெடிக்கிறாள். அக்காவுக்கு ரோஷம் வருகிறது. "துடைச்சா சுத்தமாகுமாடி? யார் வந்தாலும் இதுலதான் தண்ணி கொடுக்கறேன், என் தங்கச்சி கையால செஞ்சதுன்னு. அழுக்கா இருந்தா உனக்குத்தானே கேவலம்?" தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, பையிலிருந்து நைசான உப்புத்தாளை எடுத்து, தண்ணீர் தெளித்து, ஓர் ஓரத்தை மெல்ல இழைக்கிறாள். மெருகுக் களிம்பைத் தடவித் துடைக்கிறாள். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு பூ எட்டிப் பார்க்கிறது. அக்காவின் முகமெல்லாம் சிரிப்பு. "கை வலிக்கும்டி, டீ குடிச்சிட்டுச் செய்" என்றபடி, அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறக்கிய பாத்திரத்தைக் கொண்டுவந்து, தட்டின் அந்த ஓரத்திலேயே வைக்கிறாள்.