கோட்டுக்குள் இரண்டு கைகள்

முகம் நடிகருடையது. கைகள் அவளுடையவை.

மறைந்துபோன இசைமேதையின் வாழ்க்கையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடிகருக்குப் பியானோ சுட்டுப்போட்டாலும் வராது. அவர் தன் கைகளை மடக்கி ஒளித்துக்கொள்ள, அவள் அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து, கோட்டின் கைகளுக்குள் தன் கைகளை நுழைத்து வாசிப்பாள்.

படப்பிடிப்பில் அவள் பெயர் கைக்காரம்மா. புறங்கையில் தினமும் ரோமம் ஒட்டிவிடுவார்கள். படம் முழுக்க அவள் பார்த்தது கதாநாயகனின் பிடரியை மட்டும்தான்.

இன்றைய காட்சி சுலபம். வலது கை வாசிக்க, இடது கை பக்கத்தில் நிற்கும் சின்ன மகளின் தலையைக் கோத வேண்டும்.

மூன்று முறை எடுத்தாயிற்று. வலது கை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. இடது கை குழந்தையின் தலையில் மேசை துடைத்தது.

"கைக்காரம்மா, புள்ளைக்குப் பேன் பாக்குறீங்களா?" என்றார் நடிகர், திரும்பாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அவர் முதுகில் சிரித்து வைத்தாள்.

இயக்குநர் அருகில் வந்து குனிந்தார். கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"இன்னொரு தடவை பாப்போம்மா. வரலைன்னா இதுக்கு மட்டும் வேற ஆள் கைய வெச்சுக்கறேன். ஒண்ணும் யோசிக்காதீங்க. உங்கப்பா உங்க தலையை எப்படித் தொடுவாரோ, அதேதான்."

அதேதான்.

உள்ளே எதுவும் அசைவதாக இல்லை. கையை எடுத்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாள். கோதவில்லை. விரல்கள் தாமாகவே தட்டத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

குழந்தை நெளிந்தது. கை சட்டென்று விலகியது.

குழந்தை விறைத்து நின்றது. கை திரும்பி வந்தது.

"கட்." இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "இதும்மா பாசம்."

ஒளிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சினார். யாரோ கைதட்டினார்கள். அவள் கோட்டிலிருந்து கைகளை உருவிக்கொண்டு, குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த ரோமத்தைப் பொறுக்கி எடுத்தாள்.

பியானோவின் மேல், டக் டக்கென்று தாளம் காட்டும் கருவி ஒன்றை அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள்.

சின்ன வயதில் அவள் வாசிக்கக் கற்ற வீட்டில் அது இருந்ததே இல்லை. தாளம் தட்ட அப்பாவுக்கு அவள் தலை போதுமானதாக இருந்தது.

அவளும் அசைய மாட்டாள். அசைந்தால் கையை எடுத்துவிடுவார்.