பாரைச் சினை

குசினி வாசலில் மத்தியான வெயில் விழுந்து கிடக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்கிறது. தம்பி விட்டுப்போன நாயைக் குளிப்பாட்டிவிட்டு, அது கடித்த இடது கையில் மஞ்சள் பூசியபடி யோகலிங்கம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். அடுப்பில் பாரைமீனின் சினை பொரிகிறது. இந்த வீட்டில் சினை எப்போதும் தம்பிக்குத்தான். அவன் கப்பல் வேலைக்குப் போய் மூன்று மாதம். இனித் தனக்குத்தான் என்று யோகலிங்கத்தின் வாய் ஊறுகிறது. அம்மா சினையை ஊதி ஆற்றி, நாயின் சட்டியில் போடுகிறாள். "எனக்கில்லையோ அம்மா?" "நீ எதைப் போட்டாலும் சாப்பிடுவாய். அவன்ர நாய்க்கு வேற ஒண்டும் இறங்காது, பாவம்." அவனுடைய சோற்றுக் கோப்பையில் வால்துண்டு விழுகிறது. சினையை விழுங்கிய நாய் முள்ளுக்காக அவன் முன்னால் வந்து குந்துகிறது. அவன் முள்ளையும் சேர்த்து மெல்கிறான்.