அரைப்பேர்

காலையில் தன் ஆட்டோவில் வந்த டெல்சி டீச்சர் பேசியதை நினைத்து நிரோஷன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

“இப்ப என்ன வாசிக்கிறீங்க நிரோஷன்?”

“நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்.”

“வள்ளின்னு ஒருத்தங்க எழுதின நாவல். கீழ வைக்கவே மனசு வரல! கொழும்புக்காரங்களா இருக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துத் திரும்பியிருந்த மனைவியிடம் அதை அப்படியே சொன்னான்.

அமுதவள்ளிக்கு முகமெல்லாம் வெட்கம்.

“எழுதினது நான்னு சொல்லிடாதீங்க. சிரிப்பாங்க!”

புத்தகம் அச்சாகி வந்த நாளிலிருந்து மனதில் வைத்திருந்ததை அவன் கேட்டேவிட்டான்.

“கொழுந்து கொறைஞ்சா தோட்டத்துல அரைப்பேர் போட்டு அரைச்சம்பளம் தர்றாங்க. நீயே ஒனக்கு அரைப்பேர் போட்டுக்கலாமா? அடுத்த புத்தகத்துல முழுப்பேர் போடு புள்ள!”