அளந்துவிட்டு வந்த கூடுகள்

பதினோரு உள்ளான் பறவைக் கூடுகளில் பத்து காலியாகிவிட்டன. மிச்சமிருந்த ஒன்றில் நான்கு முட்டைகள். அதுவும் போனால் அந்தத் துருவக் கரையில் இந்த வருடம் ஒரு குஞ்சுகூடப் பொரியாது.

இளம் ஆராய்ச்சியாளன் தனஞ்செயன் போய் முட்டைகளை அளந்துவிட்டு வந்த மறுநாளே ஒவ்வொரு கூடும் காலியானது. அவனோடு முகாமில் இருந்த ஒரே ஆள், மூத்த ஆராய்ச்சியாளர் ரேணுகா. அவள் அவனுடைய சட்டியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டாள்.

"ஆம்லெட் வாசனை வருதா மேடம்?" என்றான்.

"சிரிக்காதீங்க. முட்டையெல்லாம் எங்கே?"

"இந்த வருஷம் எலியே இல்ல. நரி பசியில அலையுது."

"நீங்க போன இடத்துல மட்டுமா?"

ஜூன் மாதத்தில் பெய்யக் கூடாத பனி, அன்று பெய்து நின்றிருந்தது. கடைசிக் கூட்டை அவனிடம் விடாமல் அவளே அளக்கப் போனாள். தாய்ப்பறவை விலகிப் பறந்தது. அளந்து முடித்துத் திரும்பிப் பார்த்தாள்.

வெண்பரப்பில் அவளுடைய பூட்ஸ் தடம் மட்டும் நீண்டு கிடந்தது. அதில் ஒவ்வொரு பள்ளமாகக் கால் வைத்து ஒரு நரி வந்துகொண்டிருந்தது. கத்தி விரட்டினாள். பத்தடி விலகி உட்கார்ந்துகொண்டது.

வாக்கிடாக்கியை எடுத்தாள். "தனா, நரி நம்ம பின்னாலதான் வருது."

"அங்கேயே நில்லுங்க மேடம்!"

"நின்னா தாய் வராது. முட்டை குளிர்ல விறைச்சிடும்."

"அப்ப வந்துடுங்க."

"வந்தா?"

நரி முன்னங்கால்களை நீட்டி, வசதியாகப் படுத்துக்கொண்டது.