கச்சானுக்கு ஒரு மறைப்பு

விடிந்ததிலிருந்து மேற்கே வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்து எட்டு மாதமாகக் கடலோரக் கல்லடியில் குடியிருக்கும் ஹன்னாவுக்கு இந்தக் காற்றோடு தீராத பிணக்கு. சறுக்குவதற்குத் தோதாகக் கடல் அலைகளை உடையவிடாமல் நிமிர்த்திப் பிடிப்பதும் இதுதான். அவள் நட்ட பாகல் கொடியைக் கருக்குவதும் இதுதான். அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலிப் படலை வரை போகிறாள், திரும்புகிறாள். அடுப்பில் மீன் குழம்பு. தேங்காய்ப்பால் விட்டபின் துழாவாமல் விட்டால் திரைந்துவிடும். போன கிழமை அப்படித்தான் ஆயிற்று. உள்ளே ஓடி நாலு துழாவு துழாவி அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி வெளியே வருகிறாள். அலை இரைகிறது. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

உடுப்புக் காயப்போட வந்த பக்கத்து வீட்டுக் கிருஷாந்தினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். “என்னகா, இன்னும் கடலுக்குப் போகல்லியா? வீசா என்ன மாதிரி?”

“இன்னும் வரல்ல. இருக்கிறது வெள்ளிக்கிழமையோட முடியிது.”

“அப்ப இந்தப் பாகலுக்கு ஆர் தண்ணி ஊத்துற?”

ஹன்னா பலகையைக் கொடிக்கு மேற்கே மணலில் ஆழக் குத்தி நிறுத்துகிறாள். அதன் மறைப்பில் இலைகளின் பதைப்பு அடங்குகிறது.

“பலகைய இஞ்ச நட்டா, மறுகா கடலுக்கு எதால போற?” கிருஷாந்தினி சிரிக்கிறாள்.

முதுகுக்குப் பின்னால் நீண்ட அலையொன்று சறுக்க ஆளில்லாமல் எழுந்து விழுகிறது. ஹன்னா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய கால்விரல்கள் மட்டும், பலகைமேல் நிற்பதுபோல, மணலை இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன.