அஸர் வேளை வாயு

காபெஸ் நகரக் கழிவுநீர்த் தொட்டியில் காற்று ஊதும் இயந்திரம் நின்றால், கழிவைத் தின்னும் கிருமிகள் மூச்சுமுட்டி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கக்கும். அளவுமானி உடனே காட்டிக்கொடுத்துவிடும். இயந்திர இரைச்சலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்காது என்று, அதை இயக்கிவந்த பஷீர் தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்கு இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வசந்தத்தில் அவர் இறந்தார். அவர் இடத்துக்கு மோன்ஜி வந்த பிறகும் தினமும் அதே வேளையில் வாயு ஏறியது.

"இன்னிக்கும் நிறுத்தினா நீ வீட்டுக்குப் போகவேண்டியதுதான்," என்றார் பொறியாளர் ரஃபீக்கா.

"அந்த நேரம் நான் தூங்கிட்டிருப்பேன் மேடம். எப்படி நிறுத்துவேன்?"

"தூங்குறத வேற பெருமையா சொல்றியா?"

அன்று ரஃபீக்காவே இயந்திர அறையைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மோன்ஜியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு வாயு ஏறியது. அஸரின் நாலு ரக்அத்தையும் தொழுது முடிக்கிற நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது.

அவன்மேல் தவறில்லை என்று ரஃபீக்கா அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார். காரணம் கேட்டிருந்த கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மோன்ஜியின் வேலை தப்பியது. இப்போது அந்த நேரத்தில் அவன் தூங்குவதில்லை. தொட்டிக் கரையில் பாய் விரித்துத் தொழுகிறான். இருவராகத் தொழும்போது தொழுகை நடத்தும் இமாம் நிற்பாரே, அந்த இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் விரிக்கிறான்.